லயத்து வாசலில் வாசிக்க வேண்டிய கணக்கு

கேள்வி: நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கடந்த நவம்பரில் டித்வா சூறாவளி வந்த இரவில் எங்கள் டிவிசனில் (தோட்டப் பிரிவில்) மண் சரிந்து இரண்டு லயங்கள், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள், போய்விட்டன. 27 குடும்பங்கள். பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் அன்றிரவே செய்தி போட்டேன். லண்டனில் இருக்கும் ஒரு தம்பி கோபண்ட்மீ என்ற இணைய நிதி சேகரிப்புத் தளத்தில் சேர்த்து அனுப்பினார். கொழும்பு, டோஹா, டுபாய் பிள்ளைகள் நேரே என் வங்கிக் கணக்குக்குப் போட்டார்கள். மொத்தம் 23 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. பாய், பாத்திரம், கொப்பி, லொறிக்கூலி என்று 4 இலட்சத்து 60 ஆயிரம் செலவாகிவிட்டது. மிச்சம் என் சம்பளம் வரும் கணக்கிலேயே கிடக்கிறது. லண்டன் காசு வந்தபோது வங்கியில் கூப்பிட்டு விசாரித்தார்கள், பயந்துவிட்டேன். இப்போது குழுவில் ஒருவர் எல்லோர் முன்னாலும் "டீச்சர், காசு எங்கே?" என்று கேட்டுவிட்டார். படம் போடுங்கள் என்கிறார்கள் சிலர், மண்டபம் கட்டுவோம் என்கிறார்கள் சிலர், அரசாங்க நிதிக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ஜனவரியில் மகளுக்குக் காய்ச்சல் கடுமையாகி தனியார் வைத்தியசாலையில் வைத்திருந்தபோது அந்தக் காசில் 30,000 ரூபா எடுத்துக் கட்டினேன். சம்பளம் வந்ததும் அது சரியாகிவிட்டது. யாருக்கும் தெரியாது. மிச்சக் காசை 27 ஆகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, குழுவை விட்டு விலகிவிடலாமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

விலகாதீர்கள். "காசு எங்கே?" என்று கேட்டவர் மீது கோபமும் வேண்டாம். அவர் கேட்ட விதம் உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது, அது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. முப்பது வருடமாகக் கண்டியில் கணக்காய்வு செய்கிறேன், பிறந்தது தோட்டத்தில். இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் காசு கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். கேட்க ஆள் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு.

முதலில் அந்த 30,000. உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். சம்பளமும் நிவாரணக் காசும் ஒரே கணக்கில் கலந்திருப்பதால் வங்கிக் கூற்றைப் பார்த்தால்கூட அது யார் கண்ணிலும் படாது, உண்மைதான். அதனால்தான் நீங்களே சொல்லவேண்டும். ஒரு சி.ஆர். கொப்பி, கணக்கெழுதும் தடித்த அட்டைக் கொப்பி, வாங்குங்கள். முதல் ரூபா வந்த நாளிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு வாருங்கள். ஜனவரிக்கு வரும்போது, எடுத்த திகதியைப் போட்டு "ஆசிரியையின் சொந்தத் தேவைக்கு எடுத்தது 30,000" என்று ஒரு வரி. சம்பளம் வந்த திகதியில் "திரும்ப வைத்தது 30,000" என்று இன்னொரு வரி. காரணம் எழுத விரும்பினால் எழுதலாம், கட்டாயமில்லை. பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது கையில் இருந்த காசைத் தொட்ட தாயை அந்தத் தோட்டத்தில் யாரும் திருடி என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்து வேறு யார் வாயாலோ வெளியே வந்தால், நீங்கள் கொடுத்த மீதி 23 இலட்சமும் சேர்ந்து சந்தேகமாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஐந்து மாதத்தில் போன் ரீலோட், பஸ் காசு, த்ரீவீலர் என்று உங்கள் கையிலிருந்தும் நிச்சயம் போயிருக்கும். "என் செலவும் கிட்டத்தட்ட அவ்வளவு வரும், அதில் கழிந்துவிட்டது" என்று மனதுக்குள் நேர்செய்துவிடாதீர்கள். எடுத்தது தனி வரி, வைத்தது தனி வரி, உங்கள் சொந்தச் செலவு தனி வரி. அந்தச் செலவைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பற்றுச்சீட்டு இல்லாத இடத்தில் திகதியையும் போன காரியத்தையும் எழுதி, மற்ற இருவரிடம் கையொப்பம் வாங்குங்கள்.

மற்ற இருவர் யார்? இந்த வாரமே வங்கிக்குப் போய், இந்தக் காசுக்கென்று மூன்று பேர் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறவுங்கள். குறைந்தது இருவர் கையொப்பமிட்டால்தான் காசு எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு. நீங்கள் ஒருவர், பழைய மாணவர்களில் ஊரோடு இருப்பவர் ஒருவர். மூன்றாமவர் வீடு இழந்த குடும்பங்களிலிருந்து வரவேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது. தோட்டத் தலைவரைப் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் ஒரு தொழிற்சங்கத்தின் ஆள், மற்றச் சங்கத்துக் குடும்பங்கள் அன்றைக்கே ஒதுங்கிவிடும். மிச்சம் 18 இலட்சத்து 80 ஆயிரத்தையும் ஒரே தடவையில் அங்கே மாற்றுங்கள். இத்தனை மாதம் உங்கள் கணக்கில் கிடந்ததற்கு வட்டி விழுந்திருக்கும். வங்கி அதில் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் போட்டிருக்கும். பிடித்தது போக வந்த வட்டியில் இந்தக் காசுக்குரிய பங்கும் அந்தக் குடும்பங்களுடையது, அதையும் கணக்கிட்டுச் சேருங்கள்.

வங்கியில் கூப்பிட்டு விசாரித்ததற்குப் பயப்பட ஒன்றுமில்லை. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிசார் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டத்தின்படி, 10 இலட்சம் ரூபாவும் அதற்கு மேலும் காசாகவோ இலத்திரனியல் முறையிலோ வந்தால் வங்கி அதை மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவித்தே ஆகவேண்டும். ஆசிரியை ஒருவரின் சம்பளக் கணக்கில் ஒரே நாளில் 16 இலட்சம் விழுந்தால் முகாமையாளர் கேட்பது அவருடைய கடமை. லண்டன் தம்பியிடம், இன்ன காரணத்துக்காகச் சேர்த்த காசு என்று ஒரு கடிதமும், அந்தச் சேகரிப்புப் பக்கத்தின் பிரதியும் வாங்கி வங்கியிலும் உங்கள் கொப்பியிலும் வையுங்கள். கோபண்ட்மீ நேரடியாக இலங்கை வங்கிக் கணக்குக்குக் காசு அனுப்புவதில்லை. அதனால்தான் அது முதலில் அவருடைய கணக்குக்குப் போய், பிறகு உங்களுக்கு வந்தது. இந்த நடுவழியைக் காகிதத்தில் காட்டாவிட்டால் நாளைக்கு அவர் மீதும் இதே கேள்வி விழும்.

அங்கே இன்னொரு இடைவெளியும் இருக்கும். பக்கத்தில் 4,200 பவுண் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 130 பேர் கொடுத்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் ஒவ்வொரு நன்கொடையிலும் 2.9 சதவீதமும் 25 பென்ஸும் கட்டணமாகக் கழியும். சதவீதத்தில் 121 பவுண் 80 பென்ஸ், ஆள்வீதம் 32 பவுண் 50 பென்ஸ், ஆக 154 பவுண் 30 பென்ஸ் போய், கைக்கு வருவது 4,045 பவுண் 70 பென்ஸ். அதற்குப் பிறகு வங்கியின் நாணயமாற்று வீதம். 4,200ஐ அன்றைய வீதத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு "அறுபதாயிரம் குறைகிறதே" என்று குழுவில் ஒருவர் கேட்கப் போகிறார். கேட்பதற்கு முன்பே எழுதிப் போடுங்கள்.

இவ்வளவும் கணக்காளன் சொல்லும் வழக்கமான விஷயங்கள். நான் உங்களிடம் மன்றாடிக் கேட்பது வேறு. இந்தக் கணக்கைக் குழுவில் போடுவதற்கு முன் அந்த 27 குடும்பங்களின் முன்னால் வாசியுங்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்சரிவு. நாங்கள் நண்பர்கள் சிலர் முகநூலில் சேர்த்தோம், ஒன்பது இலட்சம். ஊரில் இருந்த ஒரு நண்பர்தான் ஓடியாடிச் செய்தார். முடிந்ததும் நான் கணக்கை அழகாக, சதம் பிசகாமல் தயாரித்து, கொடுத்தவர்கள் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். பாராட்டினார்கள். லயத்துக்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம்கூடப் போகவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தங்கள் பெயரில் ஒன்பது இலட்சம் சேர்ந்தது என்பது, அதுவும் யாரோ ஒரு பையனின் போனில் பார்த்தது. கைக்கு வந்தது பாத்திரமும் சீமெந்தும் என்பதால் அதன் பெறுமதி எவ்வளவு என்று யாருக்கும் விளங்கவில்லை. இரண்டு வருடம் அந்த நண்பர் காசைத் தின்றுவிட்டார் என்றே தோட்டம் நம்பியது. அவர் கோயில் திருவிழாவுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். தவறு என்னுடையது. கணக்கை யாருக்குக் காட்டவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த முறை இன்னொரு தோட்டத்தில், பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்து எல்லோரையும் உட்காரவைத்து வாசித்தேன். 31 குடும்பம், 62 பாய் என்று நான் வாசித்ததும், பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கையை உயர்த்தினார். "அறுபத்திரண்டுன்னு சொல்றீங்க ஐயா. எங்க லயத்துல ரெண்டு வீட்டுக்கு வீட்டுக்கு ஒண்ணுன்னுதானே பாய் வந்திச்சு." நான் பட்டியலைப் பார்த்தேன், பற்றுச்சீட்டைப் பார்த்தேன், 62 சரியாகத்தான் இருந்தது. அவர் விடவில்லை. "கொழுந்து நிறுக்கிற எடத்துல சாக்குக்கு, தண்ணிக்குன்னு கழிக்கிறத தெனம் பார்த்துக்கிட்டு நிக்கிறவ நான். கழிஞ்சது எனக்குத் தெரியும்." ஒரு பையன் எழுந்து போய் பாடசாலைக் களஞ்சிய அறையைத் திறந்து பார்த்தான். கரும்பலகைக்குப் பின்னால் இரண்டு பாய்கள் சுருட்டியபடி நின்றன. என் முப்பது வருடத் தொழிலில் அதைவிடச் சுத்தமான கணக்காய்வை நான் பார்த்ததில்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வேலை நாளில் வைத்தால் யாராவது ஒருவர் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், இழக்கவேண்டி வரும். கோயில் மண்டபத்திலோ பழைய பிள்ளைக் காம்பராவிலோ (குழந்தைகள் காப்பகத்திலோ), அவர்கள் இருக்கிற இடத்திலேயே. பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் கேட்கத் தெரியும். 30,000 வரியையும் அதே குரலில் வாசியுங்கள். கடைசியில் விரும்பியவர்கள் கையொப்பமிடட்டும், இல்லையென்றால் பெருவிரல் வைக்கட்டும். அந்தத் தாளைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள்.

படம் கேட்பவர்களுக்கு அதுதான் படம். பொதியை நீட்டி, வாங்குகிறவர் தலை குனிந்து நிற்கிற படம் வேண்டாம். பிள்ளைகளின் முகம் வேண்டவே வேண்டாம், நாளைக்கு அந்தப் பிள்ளை உங்கள் வகுப்பில் வந்து உட்காரப்போகிறது. பட்டியலைப் பகிரும்போது அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் மறைத்துவிடுங்கள். அவை இரண்டும் தெரியாத கைகளுக்குப் போனால் மோசடிக்காரர்களுக்கு வசதி.

27 என்ற எண்ணையும் ஒரு தரம் சரிபாருங்கள். அது தோட்டத்து ஆபிசில் தந்த எண்ணா, நீங்கள் வாசல் வாசலாகப் போய் எண்ணியதா? ஆபிஸ் பட்டியல் செக்ரோலை, வேலைக்கு வருபவர்களின் பெயர்ப் பதிவேட்டை, வைத்து எழுதப்படுகிறது. பென்சன் எடுத்த பாட்டி அதில் இல்லை. கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகனின் மனைவியும் கைக்குழந்தையும் இல்லை. கல்யாணம் முடித்து அதே லய அறையின் இஸ்தோப்பை (முன் திண்ணையை) மறைத்துக் குடியிருந்த இளம் குடும்பம் அப்பாவின் பேரிலேயே போய்விடும். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது, முதல் நாள்களில் காணாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்று சொல்லப்பட்டது, பின்னர் அந்த எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது. லயத்தில் உண்மையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று உடனே சொல்லக்கூடிய ஒரு பட்டியல் இருக்கவில்லை. கிராம உத்தியோகத்தரின் பட்டியலையும் ஆபிஸ் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசிக்கும் அன்றே "இதில் யார் விடுபட்டிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அவர்களே சொல்வார்கள்.

பிரிப்பதைப் பற்றி. 18,80,000ஐ 27ஆல் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு 69,629 ரூபா வரும். இன்றைக்கே கொடுத்து முடித்தால் உங்களுக்கு நிம்மதி, எனக்கு விளங்குகிறது. ஆனால் மீரியபெத்தை மக்கள் புது வீட்டுக்குப் போக ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. 75 வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. அதுவரை பல குடும்பங்கள் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் துணி கட்டி மறைத்துக் குடியிருந்தன. சோற்றுப்பார்சலும் உடுப்பு மூட்டையும் முதல் இரண்டு வாரத்தில் குவிந்தன, நானும் ஒரு லொறி உடுப்பு அனுப்பியவன்தான். அடுத்த இருபது மாதத்துக்கு யார் இருந்தார்கள்?

என் யோசனை இது. ஒரு பாதியைச் சமமாக இப்போதே கொடுங்கள். குடும்பத்துக்கு 35,000 என்றால் 9 இலட்சத்து 45 ஆயிரம் போகும். காசாகவே கொடுங்கள். எதற்குச் செலவழிப்பார்களோ என்று குழுவில் கவலைப்படுவார்கள். 35,000இல் ஒரு மாதத்தை எப்படி ஓட்டுவது என்பதை அந்தப் பெண்களுக்கு டோஹாவிலிருந்து யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முடிந்தவரை வீட்டுப் பெண்ணின் கணக்குக்கே போடுங்கள். கொழுந்து எடுத்தது அவளாக இருக்க, சம்பளத்தைக் கணவன் வாங்கிக்கொண்டு போன காலத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மற்றப் பாதி, 9 இலட்சத்து 35 ஆயிரம், தேவையைப் பார்த்துப் போகட்டும். நான் முதலில் விசாரிப்பது அடகு. மண் சரிந்த பிறகு எத்தனை வீட்டுத் தோடும் சங்கிலியும் டவுன் அடகுக் கடைக்குப் போயிருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். தவணை முடிந்தால் ஏலத்துக்குப் போய்விடும். தோட்டத்துப் பெண்ணுக்கு வங்கியும் காப்புறுதியும் அந்த ஒரு சோடித் தோடுதான். அடகுச்சீட்டே மண்ணுக்குள் போயிருந்தாலும் அடையாள அட்டையோடு போய்ப் பதிவைத் தேடச் சொல்லலாம். அடுத்தது காகிதம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈ.பி.எப். (சேமலாப நிதி) புத்தகம், இதையெல்லாம் இழந்தவர் பிரதேச செயலகத்துக்கு நான்கு தடவை நடந்தால் நான்கு நாள் பேர் போகிறது. அந்த பஸ் காசும் அந்த நாளின் சம்பளமும் நிவாரணம்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் தேவையையும் பாருங்கள், யார் யார் என்று உங்களுக்கே தெரியும். 3 இலட்சத்தை மட்டும் தொடாமல், வீடு மாறும் நாளுக்கென்று குறுகிய கால நிலையான வைப்பில் போடுங்கள். சாவியைத் தருவார்கள், ஆனால் லொறிக்கும் அடுப்புக்கும் மின் இணைப்புக்கும் யாரும் தருவதில்லை.

மண்டபம் வேண்டாம். கட்டவும் முடியாது. தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. காணியை விடுவிக்காமல் ஒரு கல்லும் வைக்க முடியாது. விடுவித்தாலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் அந்த நிறுவனம் எச்சரித்திருந்தது. காணியும் வீடும் அரசாங்கமும் கம்பனியும் கொடுக்கவேண்டிய கடன். அந்தக் கடனை டுபாயில் வெயிலில் வேலை செய்யும் பையனின் காசால் அடைத்துவிட்டு, அவர்களைக் கேட்காமல் விடுவது எனக்குச் சம்மதமில்லை. பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுத, காணிக்காகக் கேட்டுக்கொண்டே இருக்க உங்கள் பழைய மாணவர்களின் படிப்பைப் பயன்படுத்துங்கள், காசை அல்ல.

அரசாங்க நிதிக்கு அனுப்பச் சொன்னவருக்கு நேரே பதில் சொல்லலாம். இந்தக் காசு இந்த டிவிசனில் வீடிழந்த குடும்பங்களுக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்கியது. கொடுத்தவர்களின் சம்மதமில்லாமல் வேறு எங்கும், எவ்வளவு நல்ல காரியத்துக்கும், போகக்கூடாது. தனியாக அங்கே கொடுக்க விரும்புகிறவர் கொடுக்கட்டும்.

இதை ஒரு நிரந்தர அமைப்பாக்கலாம் என்ற பேச்சும் வரும். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு, யாப்பு, வருடாந்தக் கணக்கு என்று அது வேறு வேலை. ஏற்கனவே தோட்டத்தில் மரண ஆதார சங்கமோ மாதர் சங்கமோ பதிவில் இருந்தால் அதைப் பலப்படுத்துங்கள். இந்தக் கணக்குக்கு ஒரு முடிவுத் திகதி வைத்து, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

குழுவில் கேள்வி கேட்டவருக்கு இன்றைக்கு இவ்வளவு போதும்: "நல்ல கேள்வி தம்பி. கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்ன ஞாயிறு லயத்தில் வாசித்துவிட்டு இங்கே போடுவேன்." திகதியைச் சொல்லி எழுதுங்கள், சொன்ன திகதியைத் தவறவிடாதீர்கள். முடிந்தால் அவரையே கையொப்பமிடும் மூவரில் ஒருவராகக் கேட்டுப் பாருங்கள், ஊரோடு இருப்பவராக இருந்தால்.

மகள் இப்போது நலமா? கடிதத்தில் அதை எழுதவில்லை நீங்கள். அந்த இரண்டு வரிகளையும் இன்றிரவே கொப்பியில் எழுதிவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளவேண்டாம். ஞாயிறு எது என்று முடிவானதும் இதழ் ஆசிரியருக்கு எழுதிப் போடுங்கள். காலை பஸ்ஸில் வந்து பின்வரிசையில் உட்கார எனக்கும் விருப்பம்.